துலாபாரத்தில் குறைந்த வெல்லம்

திருவண்ணாமலை
4-4-1983

தம்பி நமசிவாயத்துக்கு,

நான் சாமியை ஏமாற்றவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள். பங்குனி உத்திரத்தன்று தெருக்கோடி முருகன் கோயிலில் நான் கொடுத்த துலாபாரத்தைப் பற்றிக் காட்பாடி வரைக்கும் பேச்சு வந்திருக்கும். "தாசில்தார் வீட்டம்மா சாமிக்கே எடை குறைச்சுட்டாங்க" என்று இங்கே கீரைக்காரி வரைக்கும் சொல்கிறாள். நடந்தது வேறு.

கார்த்திகையில் வெறுங்காலோடு மலை சுற்றியபோது வலது கால் கட்டைவிரலில் ஒரு கல் குத்தியது. எனக்குச் சர்க்கரை வியாதி வந்து ஆறு வருடமாகிறது. புண் இன்னும் ஆறவில்லை. டாக்டர் பரசுராமன் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் விரலை எடுத்துவிடச் சொல்கிறார். நான் போகவில்லை. புண் ஆற வேண்டி, எடைக்கு எடை வெல்லம் தருவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்.

தை மாதம் அரிசி மில் தராசில் என் எடை எண்பத்தெட்டு கிலோ. உடனே அருணகிரி மண்டியில் தொண்ணூறு கிலோ உருண்டை வெல்லம் என் கண்ணெதிரே எடைபோட்டு வாங்கி, பூஜை அறைக்குப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டினேன். உத்திரத்தன்று ஊரே கூடியிருந்தது. நான் ஒரு தட்டில் உட்கார்ந்தேன், மறுதட்டில் வெல்லத்தைக் கொட்டினார்கள். என் தட்டு தரையைவிட்டு எழும்பவே இல்லை. கடைசிச் சாக்கையும் உதறிக் கொட்டினார்கள். அப்படியும் எழும்பவில்லை. கூட்டத்தில் ஒருவன், "அம்மா, சாமிக்கு இன்னும் ஒரு மூட்டை பாக்கிங்கோ!" என்று கத்தினான். ஒரே சிரிப்பு. அருணகிரி மண்டிக்கு ஆள் ஓடி இன்னொரு சாக்கு கொண்டுவரும் வரை அரைமணி நேரம் அந்தத் தட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு குருக்கள் நிறுத்துப் பார்த்தார். வீட்டிலிருந்து போனது எழுபத்தொன்பது கிலோதான்.

மண்டியில் எடை சரி. பதினோரு கிலோ என் வீட்டிலேயே குறைந்திருக்கிறது. அந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், மற்றது பத்து வருடமாக எனக்குச் சமைக்கும் வெள்ளையம்மாளிடம். மறுநாளே அவளை நிறுத்திவிட்டேன். அவள் மகள் காட்பாடியில் உன் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பதாகக் கேள்வி. பதினோரு வருடத்துக்கு முன் நீ என் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு போன பிறகு உனக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். இப்போது எழுதுவது இதற்காக மட்டும்: தை முதல் பங்குனி வரை வெள்ளையம்மாள் அங்கே வந்தாளா? வந்தபோது கையில் என்ன கொண்டுவந்தாள்?

கனகாம்பாள்


காட்பாடி
9-4-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உறையைப் பார்த்ததுமே உங்கள் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது, கான்வென்ட் மதர் அடிக்கோல் வைத்துப் பக்கத்தில் நிற்பது போல.

கேட்டதற்குப் பதில். வெள்ளையம்மாள் மாசியில் ஒரு முறை வந்தாள். கையில் எலுமிச்சங்காய் ஊறுகாய். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். வெல்லம் இல்லை. போன வாரம் மறுபடியும் வந்தாள், இந்த முறை பெட்டியோடு. "அம்மா என்னைத் திருடின்னு சொல்லலைங்க. சாவியைக் குடுன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கு வாயைத் தொறந்து திருடின்னே சொல்லியிருக்கலாம்" என்றாள். வேறு ஒரு வார்த்தை உங்களைப் பற்றித் தப்பாகப் பேசவில்லை. நான் துருவிக் கேட்டும் பேசவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அக்கா, உங்கள் கடிதத்தில் வெல்லம் பதினோரு கிலோ குறைந்த கணக்கு இருக்கிறது. தட்டில் உட்கார்ந்த உங்கள் எடை எவ்வளவு என்று எழுதவில்லையே. எண்பத்தெட்டாகவே இருந்ததா?

கோபப்படாதீர்கள். ஒரு வாரம் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். விரலைப் பற்றி டாக்டர் சொல்வதை ஒத்திப்போட வேண்டாம்.

நான் நலம். குடியை விட்டு ஏழு வருடமாகிறது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

உங்கள் தம்பி
நமசிவாயம்


திருவண்ணாமலை
18-4-1983

நமசிவாயத்துக்கு,

கேட்டபடி ஒரு வார ஆகாரக் குறிப்பை இணைத்திருக்கிறேன். ஒரு வரி விடாமல் எழுதியது. அதைப் பார்த்தாலே தெரியும்: மாதத்தில் பன்னிரண்டு நாள் நான் விரதம். சோமவாரம், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், பௌர்ணமி. விரத நாளில் அரிசிச் சோறு என் வாயில் படுவதில்லை. மற்ற நாளில் ஒரு வேளை சோறு, இரவு இரண்டு இட்லி. இப்படிச் சாப்பிடுகிறவள் தொண்ணூற்று மூன்று கிலோ இருக்கிறாள் என்றால் அது உடல்வாகு. ஆம், உத்திரத்தன்று தொண்ணூற்று மூன்று. நீ கேட்டதால் சொல்கிறேன், உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

சர்க்கரைப் பரிசோதனையை நானே வீட்டில் செய்கிறேன். ஐந்து மில்லி நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். கூடக்கூடப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். விரத நாளில்கூட எனக்குச் செங்கல் நிறம்தான் வருகிறது. கரைசல் கெட்டது என்று சந்தேகப்பட்டேன். கம்பவுண்டரிடம் கேட்டால் சத்தியம் செய்கிறான். அதனால் மாசி மாதமே வெள்ளையம்மாளை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். "எனக்கு எதுக்கும்மா இந்தக் கண்றாவி" என்று முரண்டு பிடித்தாள். அவளுக்கு நீலம். வேறு புட்டி வாங்கினேன். எனக்குச் செங்கல், அவளுக்கு நீலம். அவள் ஏதோ மாற்றி வைத்திருக்க வேண்டும்.

இப்போது உன் விஷயம். பதின்மூன்றாம் தேதி டாக்டர் பரசுராமன் கட்டு மாற்ற வந்தார். ஆறு வருடமாகக் கேட்காதவர் அன்றைக்கு, "ஒரு வாரம் என்னென்ன சாப்பிடுறீங்கன்னு எழுதிக் காட்டுங்கம்மா" என்றார். உன் கடிதத்தில் இருக்கும் அதே வார்த்தை. நீ அவருக்கு எழுதியிருக்கிறாய். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்குக் குழந்தை இல்லை. எனக்குப் பிறகு இந்த வீடு யாருக்கு என்பது உனக்குத் தெரியும். எனக்குச் சுயபுத்தி இல்லை என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் யாருக்கு லாபம் என்பதும் உனக்குத் தெரியும்.

குறையோடு நடந்த துலாபாரம் துலாபாரம் ஆகாது. வைகாசி விசாகத்தன்று மறுபடி செய்யப்போகிறேன். இந்த முறை வேறு மண்டி, தொண்ணூற்றைந்து கிலோ. புதிய திண்டுக்கல் பூட்டு, ஒரே சாவி, அது என் இடுப்பில். விசாகம் முடியாமல் என் விரலில் யாரும் கை வைக்க முடியாது. இது என் முடிவு. சுயபுத்தியோடு எடுத்த முடிவு.

கனகாம்பாள்


காட்பாடி
22-4-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சந்தேகம் சரி. டாக்டருக்கு எழுதினேன். உங்களிடம் சொல்லாமல் எழுதியது தப்பு. வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைத்துவிடுங்கள். கோயிலுக்கு எழுதுங்கள். சாட்சிக் கையெழுத்து நானே போடுகிறேன்.

குறிப்பைப் படித்தேன். அருமையாக எழுதியிருக்கிறீர்கள். "வியாழன், சித்திரை முதல் தேதி: காலை காபி, சர்க்கரை இல்லாமல். பகல் ஒரு கரண்டி சோறு, வேப்பம்பூ ரசம்." அக்கா, வருஷப் பிறப்பன்றைக்குப் பாயசம் இல்லாமலா சாமிக்குப் படைத்தீர்கள்? வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் வைப்பீர்களே, அதுவும் இல்லை. சஷ்டிக்கு வெல்லம் போட்ட அவல், அதுவும் இல்லை. பன்னிரண்டு விரத நாள் என்றால் பன்னிரண்டு நைவேத்தியம். வீட்டில் இருப்பது நீங்கள் ஒருவர். படைத்ததெல்லாம் எங்கே போகிறது?

நீங்கள் பொய் எழுதியதாகச் சொல்லவில்லை. பிரசாதம் ஆகாரம் இல்லை என்று மனதார நம்பித்தான் விட்டிருப்பீர்கள். எனக்கு அது தெரியும். 72-ல் குடியை விட உங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னீர்கள். தினமும் குடித்ததை ஒழுங்காக எழுதினேன். உட்கார்ந்து குடித்ததை மட்டும். கடைத்தெருவில் நின்றுகொண்டு ஒரே மடக்கில் விழுங்குவது என் கணக்கில் வராது. நின்று குடித்தால் அது குடியா? சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நோட்டைப் பார்த்து நீங்கள் என்னைப் பாராட்டிய அன்றைக்கு நான் நான்கு முறை நின்றிருந்தேன்.

புத்தி கெட்டுப்போய் யாரும் குடிப்பதில்லை அக்கா. புத்தி பக்கத்திலேயே நிற்கும். இந்த ஒரு தடவைக்கு மட்டும் ஒரு நல்ல காரணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவைக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். பதினோரு வருடமாகச் சொல்லவில்லை. நான்தான் உங்களிடம் கெஞ்சினேன்: என்னை அறையில் வைத்துப் பூட்டுங்கள், நான் என்ன கத்தினாலும் திறக்காதீர்கள் என்று. இருபத்துநான்கு நாள் நீங்கள் திறக்கவில்லை. தீபத்தன்று அத்தானின் மேலதிகாரி குடும்பத்தோடு வந்து, மாடியிலிருந்து மலை தீபம் பார்க்கக் காத்திருந்தார். நான் உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் கதவைத் திறந்தீர்கள். கையில் பாட்டில். "குடிச்சுத் தொலை. சத்தம் மட்டும் போடாதே. மானம் போவுது" என்றீர்கள். குடித்தேன். திறந்திருந்த கதவு வழியாகத்தான் போனேன். மறுவாரம் டூட்டியில் பிடிபட்டேன், ரயில்வே வேலை போனது. நான் கதவை உடைத்ததாக நீங்கள் உறவெல்லாம் சொன்னது பிறகு காதில் விழுந்தது.

உங்கள் மேல் பழி போட இதை எழுதவில்லை. பாட்டில் உங்கள் கையில் இருந்தது, வாய் என்னுடையது. உள்ளே இருப்பவன் எதை எல்லாம் நம்புவான் என்று எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். விசாகத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. விரல் காத்திருக்காது.

நமசிவாயம்


திருவண்ணாமலை
25-4-1983

நமசிவாயத்துக்கு,

சாராயத்தையும் சாமி பிரசாதத்தையும் ஒரே வாயால் சொல்கிற உன்னிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை. 72-ல் நான் செய்தது உன் உடம்பைக் கருதி. மேற்கொண்டு எழுதாதே. டாக்டர் பரசுராமனையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கனகாம்பாள்


காட்பாடி
3-5-1983

அக்கா,

கார்டில் இதை எழுத முடியாது என்பதால் இன்லேண்டில் எழுதுகிறேன். தபால்காரர் படிப்பது உங்களுக்குப் பிடிக்காது.

நேற்று வந்தேன். கதவைத் தட்டினேன். ஜன்னல் கதவு திறந்ததையும் மூடியதையும் பார்த்தேன். நீங்கள் நொண்டிக்கொண்டு உள்ளே போகும் சத்தமும் கேட்டது. ஜன்னல் திறந்த அந்த ஒரு நிமிஷத்தில் ஊதுபத்தி வாசனையோடு வேறொரு வாடையும் வெளியே வந்தது. வாடை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்து வெள்ளையம்மாளிடம் சொன்னேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அம்மா சாயங்காலம் வெளக்கு ஏத்திட்டு, மந்திரம் சொல்லிக்கினே அந்த ரூமுக்குள்ள போவாங்க. வெளிய வரும்போது வாயில மந்திரம் இருக்காது. நான் ஒரு நாள் பாத்துட்டேன். நான் பாத்துட்டேன்னு அவங்களுக்கும் தெரியும். ஜாஸ்தியாப் போவுதேன்னு ஒரு நாள் அவங்க சாவியை ஒளிச்சு வெச்சேன். அன்னைக்கு என் கூடப் பேசவே இல்லை. நான் என்னத்தைச் சொல்றது? சாமிக்கு முடிஞ்சு வெச்சதை அம்மா சாப்பிட்டாங்கன்னு ஊர்ல சொல்லவா? அதுக்கு நான் திருடியாவே இருந்துட்டுப் போறேன்."

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. வெல்லத்தை நிறுத்துப் பாருங்கள். சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

நமசிவாயம்


திருவண்ணாமலை
8-5-1983

தம்பி நமசிவாயத்துக்கு,

வெல்லத்தை நிறுத்தேன். கூலிக்கு ஒரு ஆளையும் தராசையும் வீட்டுக்கே வரவழைத்து நிறுத்தேன். தொண்ணூற்றைந்து கிலோ இப்போது எண்பத்தெட்டரை. பூட்டு உடையவில்லை. சாவிக்கு நகல் இல்லை. செய்து கொடுத்தவனையே கூப்பிட்டு விசாரித்தேன். எலி, எறும்பு இல்லை. வீட்டில் வேறு மனிதர் இல்லை. உன்னையும் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். நீ வந்தது ஒரே நாள், அன்றைக்கு நான் கதவைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் நம்பவில்லை. என்னையே சோதிக்கலாம் என்று ஒரு நோட்டும் கடிகாரமும் எடுத்து வைத்துக்கொண்டேன். நேற்று மாலை நான்கு மணிக்கு, "இன்று அந்த அறைக்குள் போவதில்லை என்று தீர்மானிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்கு பத்துக்கு என் வாயில் வெல்லம் இருந்தது. இடையில் இருந்த பத்து நிமிடத்தையும் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். போகலாம் என்று நான் முடிவு எடுத்த இடம் அதில் எங்கேயும் இல்லை. ஒரு காரணம் மட்டும் நினைவிருக்கிறது: ஒரு உருண்டை உடைந்திருந்தது, உடைந்ததைச் சாமிக்குக் கொடுக்கக்கூடாது. அந்த நேரத்தில் அது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. அந்த உருண்டையை உடைத்ததும் நான்தான் என்பது ஐந்து மணிக்குத்தான் நினைவுக்கு வந்தது.

நீ கதவை உடைத்ததாக நான் உறவினரிடம் சொன்னது உண்மையல்ல. கதவை நான் திறந்தேன். உன் உடம்பைக் கருதி அல்ல. மாடியில் இருந்தவர்கள் காதில் விழுந்துவிடும் என்று திறந்தேன். இதை எழுத எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. வெள்ளையம்மாளிடம் நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன். அதை நீ முந்திக்கொண்டு சொல்லாதே.

இன்று காலை டாக்டர் பரசுராமனை நானே கூப்பிட்டு அனுப்பினேன். விரல் கறுத்துவிட்டது. "சீக்கிரமா எடுத்துட்டா விரலோட போவும். விசாகம் வரைக்கும் உக்காந்தீங்கன்னா முட்டிக்குக் கீழே நான் எதுக்கும் பொறுப்பில்லைம்மா" என்றார். பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, வேலூர் ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். நான் சம்மதித்துவிட்டேன். துலாபாரம் வேண்டாம் என்று குருக்களுக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். மீதி வெல்லத்தை இன்றே மடத்து அன்னதானத்துக்கு எடுத்துப் போகச் சொன்னேன். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. ஏற்றும்போது ஒரு சாக்கை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லி வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் வந்தது.

அதனால்தான் இந்தக் கடிதம். இன்றைக்கு நான் சம்மதித்திருக்கிறேன். பதினாறாம் தேதி காலையில் சம்மதிப்பேன் என்று என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு நான் என்ன சொல்வேன் என்பது இப்போதே எனக்குத் தெரியும், எழுதுகிறேன். ஏழரைக்கு ராகுகாலம் என்பேன். சோமவார விரதம் என்பேன். வலி குறைந்திருக்கிறது, ஒரு வாரம் பார்க்கலாம் என்பேன். வாதாடி உன்னால் என்னை ஜெயிக்க முடியாது, சின்ன வயதிலிருந்தே முடிந்ததில்லை. அதுவும் பலிக்காவிட்டால், வீட்டுக்காக என் காலை வெட்ட அழைத்துப் போகிறாய் என்று தெருவில் நின்று கத்துவேன். அக்கம்பக்கத்தார் வருவார்கள். உன்னைப் பழைய குடிகாரன் என்பேன். அவர்கள் என்னைத்தான் நம்புவார்கள்.

அப்போது நீ இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். இது என் கையெழுத்து. சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியது. பதினாறாம் தேதி கனகாம்பாள் என்ன சொன்னாலும் எட்டாம் தேதி கனகாம்பாள் சொன்னதுதான் செல்லும். என்னைக் காரில் ஏற்ற வேண்டும். பரிதாபப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடக்கூடாது. நான் உனக்கு இதைச் செய்யவில்லை. நீ எனக்குச் செய்வாயா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கிறேன்.

உன்னை முழுவதும் நம்பிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. வீட்டுப் பத்திரத்தை வக்கீல் கோதண்டராமனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது என்னைவிட உன்னை நம்புவது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

காலை ஆறரை மணிக்குக் கார் வர வேண்டும். வெள்ளையம்மாளுக்குச் சம்மதம் என்றால் அவளையும் அழைத்து வா. தந்தி வேண்டாம், ஆள் மூலம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். நான் மேலே எழுதியதைச் செய்வாயா, மாட்டாயா என்பதைப் பதினான்காம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

கனகாம்பாள்